பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுக்கம்: டிஸ்க்கைக் கடைவதா, மாற்றுவதா?

குன்னூர் மலைப்பாதையில் இறங்கி, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் என் காரின் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக நடுங்கியது. பிரேக்கைத் தொடாத நேரத்தில் நடுக்கம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு வந்து போகுமானால் வீல் பேலன்ஸிங்கையும் டயரையும் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வருமானால் இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டைச் சந்தேகிக்கலாம். பிரேக்கோடு வந்து பிரேக்கோடு போகிற நடுக்கம் பெரும்பாலும் முன் டிஸ்க்கினுடையது, அதாவது முன்சக்கரத்தோடு சுழலும், பிரேக் பேடுகள் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டினுடையது.

வழிகள் இரண்டு: டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் கொடுத்துக் கடைவது (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), அல்லது புதிய ஜோடியை வாங்கி மாட்டுவது. நான் முதலில் கடைந்தேன், பிறகு மாற்றினேன். இப்போது மாற்றுவதன் பக்கமே நிற்கிறேன். கடைசலுக்கும் கழற்றி மாட்டும் கூலிக்கும் 1,500 ரூபாய் ஆனது. புதிய ஜோடிக்குக் கூலியுடன் 5,600. பார்த்தவுடன் கடைசலே மலிவு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணக்கைத் தீர்மானிப்பது டிஸ்க்கின் கனம். புதிதில் 22 மில்லிமீட்டர் இருந்த என் டிஸ்க்கில், அதற்குக் கீழே போகக்கூடாத குறைந்தபட்ச அளவாக 20 என்று பொறிக்கப்பட்டிருந்தது. 45,000 கிலோமீட்டரில் அது 21 ஆகத் தேய்ந்திருந்தது. அதே வேகத்தில் தேய்ந்தால் இன்னும் 45,000 ஓடியிருக்க வேண்டும். லேத்தில் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் எடுத்ததும் 20.5 ஆயிற்று, அதாவது மீதமிருந்த ஆயுளில் சரிபாதி இரும்புத் தூளாகப் போயிற்று. மிஞ்சிய அரை மில்லிமீட்டர் சுமார் 22,500 கிலோமீட்டருக்குத்தான் வரும் என்பதால், 10,000 கிலோமீட்டருக்குக் கடைசலின் செலவு ஏறக்குறைய 670 ரூபாய். முழு ஆயுளும் உள்ள புதிய டிஸ்க்குக்கு 620 ரூபாய்தான். போதாததற்கு, மெலிந்த டிஸ்க் மலை இறக்கத்தில் விரைவாகச் சூடேறும், அடுத்த முறை கடைவதற்கும் இடம் இருக்காது. (அளக்கும்போது மைக்ரோமீட்டரே வேண்டும், சாதாரண வெர்னியர் டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் மேட்டில் முட்டி, கனத்தைக் கூட்டிக் காட்டிவிடும்.)

ஆனாலும் கடைந்த டிஸ்க்கில் 5,000 கிலோமீட்டருக்குள் நடுக்கம் திரும்பி வந்ததற்குக் கடைசலை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். மறுபடி கழற்றியபோது ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதியின்) முகத்தில் துரு வளையமாகப் படிந்திருந்தது. முதல் முறை அதை யாரும் சுரண்டவில்லை, நானும் கேட்கவில்லை. லேத்தில் நேராக இருந்த டிஸ்க், அந்தத் துருவின் மேல் உட்கார்ந்ததும் சற்றே சாய்ந்து சுற்றியிருக்கிறது. பெரும்பாலான கார்களில் இந்த ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என்னுடையதில், அதை அளக்கும் டயல் கேஜ் 0.12 காட்டியது. சாய்ந்து சுற்றும் டிஸ்க், பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசி அங்கே மட்டும் மெலிகிறது. கனத்தில் 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு விழுந்தாலே அது ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். பட்டறைகளில் ‘டிஸ்க் பெண்ட்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வளைவென்று எதுவும் இருப்பதில்லை. மாட்டிய சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்தே நடுக்கம் தலைகாட்டுவதால், வேலை செய்தவர் மேல் சந்தேகமும் வராது.

ஆகவே புதிய டிஸ்க்கை மாட்டும் முன் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, வீல் நட்டுகளை ஏர் கன்னால் இறுக்காமல் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு எதிரெதிராக முறுக்கச் சொன்னேன். ஆட்டம் 0.03 ஆகக் குறைந்தது. 18,000 கிலோமீட்டர் ஓடிய பின்னும் ஸ்டீயரிங் அசையவில்லை. என் அனுபவம் ஒரே ஒரு காரோடு நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசலுக்கும் ஓர் இடம் உண்டு. அதிகம் ஓடாத, கனம் குறையாத டிஸ்க்கில் நடுக்கம் வந்தால் அதைத் தூக்கி எறிவது வீண். டிஸ்க்கைக் கழற்றாமல் காரிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் உள்ள பட்டறை கிடைத்தால் ஹப்பின் கோணலும் சேர்ந்தே சரியாகிவிடும். அந்த வசதி எனக்கு வாய்க்கவில்லை. லேத்துக்குக் கொடுப்பவர்கள், கடைந்த பின் எவ்வளவு கனம் மிஞ்சும் என்பதைக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். பொறித்திருக்கும் எண்ணைவிட ஒரு மில்லிமீட்டராவது கூடுதலாக இல்லையென்றால், அந்த 1,500 ரூபாயைப் புதிய ஜோடிக்கே சேர்த்து வைக்கலாம்.