கொரிந்தில் ஒரு நாள், சைப்ரஸில் ஒரு கைக்குட்டை

வஞ்சகம், பழி என்று பேச்செடுத்தாலே பலரும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைச் சொல்வார்கள். எனக்கு அது பழிவாங்கத் தயங்கியவனின் கதை. தயங்காத இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம்: கி.மு. 431இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் மேடையேற்றிய மெடியா. 1604இல் லண்டன் அரசவையில் நடிக்கப்பட்ட, ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில் வரும் இயாகோ.

மெடியா பக்கம் நியாயம் இருக்கிறது. கணவன் ஜேசனுக்காகப் பிறந்த வீட்டைப் பகைத்துக்கொண்டு வந்தவள். அவனோ கொரிந்து மன்னன் மகளைக் கட்டிக்கொள்கிறான். மன்னன் கிரெயோன் இவளை நாட்டைவிட்டே போகச் சொல்கிறான். அவள் கேட்பது ஒரே ஒரு நாள் அவகாசம். ஒரு நாளில் என்ன செய்துவிடுவாள் என்று அவனும் கொடுத்துவிடுகிறான். ஜேசனிடம் புத்தி வந்தவள்போல் பணிந்து பேசுகிறாள். அவன் நம்பிவிடுகிறான், அவள் பணிவதைத்தானே அவனும் எதிர்பார்த்தான்!

தளபதி ஒத்தெல்லோவின் கீழ் இருக்கும் இயாகோவுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை, அது கேசியோவுக்குப் போய்விட்டது, சரி. அப்புறம் தன் மனைவிமீது ஒரு சந்தேகம் என்கிறான். காரணங்கள் கூடக் கூட எதுவும் நம்பும்படியாக இல்லை. ஆனால் ஏமாற்றும் வித்தையில் இவன்தான் கெட்டி. சைப்ரஸ் தீவில் நடக்கும் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைப் பாருங்கள். கேசியோ ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு நகர்வதைப் பார்த்து, இது பிடிக்கவில்லை என்று முணுமுணுக்கிறான். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். ஒத்தெல்லோ சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்கிறான். பொறாமை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை வேறு! காட்சியின் தொடக்கத்தில் மனைவி கேட்டதை மறுக்க முடியாத ஒத்தெல்லோ, முடிவில் மண்டியிட்டுப் பழிக்குச் சபதம் எடுக்கிறான். அவளுக்கு எதிரான சாட்சியாகப் போகும், ஸ்ட்ராபெர்ரி வேலைப்பாடு கொண்ட அவளுடைய கைக்குட்டை இயாகோ கைக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பழியின் கனத்தில் மெடியாவை நெருங்க முடியாது. அவள் நஞ்சு தடவி அனுப்பிய உடையை உடுத்தி, பொன்முடி சூடி, மணப்பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்பக்கம் உடை எப்படி விழுகிறது என்று காலை நீட்டித் திரும்பிப் பார்க்கிறாள். அடுத்த கணம் அவள் நிறம் மாறுகிறது, தலையில் தீ. அணைத்துக் கதறிய தகப்பன் எழ முயன்றால் உடை அவன் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. இத்தனையும் மேடையில் நடப்பதில்லை, ஒரு தூதன் சொல்லக் கேட்கிறோம். (இந்த நாடகத்துக்கு ஏதென்ஸ் நாடகப் போட்டியில் கிடைத்தது மூன்றாம் இடம்!) அப்புறம் பிள்ளைகள். வேண்டாம் என்கிறாள், முடியாது என்கிறாள், மறுபடியும் துணிகிறாள். பழிக்கு அவள் கொடுக்கும் விலை அவள் பெற்ற பிள்ளைகள். இயாகோவுக்கு இப்படி ஒரு நிமிடத் தவிப்புகூடக் கிடையாது.

கடைசியில் மெடியா சூரியன் தந்த தேரில் நின்று, பிள்ளைகளின் உடலைத் தொடக்கூட விடாமல் ஜேசனிடம் பேசித் தீர்க்கிறாள். ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவைக் கொன்ற பிறகு இயாகோ பிடிபடுகிறான். ஏன் செய்தாய் என்று கேட்டால், இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அந்த நாடகத்திலேயே அதிக வரிகள் பேசுபவன் அவன்தான்.