புஷ்கில் ஆக்சஸ் படகுத்துறை, டெலவேர் ஆறு: இடம் அருமை, இறக்குற முறை தெரிஞ்சுட்டு போங்க

நியூஜெர்சி எடிசன், பிஸ்காட்டவே பக்கம் இருந்து ஷேட் மீன் பிடிக்க கெளம்புற நம்ம ஆளுங்க யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்ற படகுத்துறை புஷ்கில் ஆக்சஸ் தான். ஐ-80 பிடிச்சு வாட்டர் கேப் தாண்டி பென்சில்வேனியா பக்கம் ரூட் 209-ல வடக்க போனா வந்துரும், டிராஃபிக் இல்லன்னா ஒன்றரை மணி நேரம். நேஷனல் பார்க் சர்வீஸ் பாத்துக்குற டெலவேர் வாட்டர் கேப் ரிக்ரியேஷன் ஏரியாக்குள்ள இருக்கு. டிரெய்லரை ரிவர்ஸ்ல விட்டு இறக்குற மாதிரி ராம்ப், அதாவது தண்ணிக்குள்ள போற சரிவு இருக்கு, டிரெய்லர் நிறுத்த இடம் இருக்கு, போட்டை இறக்கி கொஞ்ச தூரம் போனா ரெண்டு கரையிலயும் காடுதான். கட்டணம் பத்தி போறதுக்கு முன்னாடி பார்க் வெப்சைட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. இங்க ஆறு ரெண்டு மாநிலத்துக்கும் எல்லைங்கறதால நியூஜெர்சி லைசென்ஸ் வச்சிருந்தாலே போட்ல இருந்து மீன் பிடிக்கலாம், அது ஒரு பெரிய வசதி.

இடத்துக்கு மட்டும் மார்க் போடணும்னா அஞ்சுக்கு அஞ்சு. ஆனா ஏப்ரல் மே மாசத்துல, ஷேட் கடல்ல இருந்து ஆத்துல ஏறி வர்ற நேரத்துல, சனி ஞாயிறு விடியக்காலைல அங்க போனா உங்க நாள் எப்படிப் போகும்ங்கறது ராம்ப்ல நிக்கிற ஆளுங்க கையிலதான் இருக்கு. அதனால இந்த ரிவ்யூல பாதிக்கு மேல அதைப் பத்திதான் எழுதப்போறேன், பொறுமையா படிங்க.

ஒரு சனிக்கிழமை இன்னும் சரியா வெளிச்சம் கூட வரல, ஒரு பிக்கப் வண்டி டிரெய்லரை நேரா தண்ணி ஓரம் வரைக்கும் இறக்கி நிறுத்திட்டு அப்பதான் கூலர் பாக்ஸை எடுத்து வைக்கிறாங்க, நங்கூரத்துக்கு கயிறு கட்டுறாங்க, ராடுல ரீல் மாட்டி லீடர் முடிச்சு போட்டுட்டு நிக்கிறாங்க, ஒருத்தர் லைஃப் ஜாக்கெட்டை தேடி வண்டிக்கு திரும்ப நடந்து போறார், பின்னாடி டிரெய்லர் வரிசை நீண்டுக்கிட்டே போகுது. அவங்களுக்கு அடுத்து ஒரு வயசானவர், சின்ன அலுமினியம் போட். அவர் பார்க்கிங்லயே எல்லாத்தையும் முடிச்சிருந்தார், பின்பக்க பெல்ட்டு கழட்டியாச்சு, போட்டுல தண்ணி வடியுற ஓட்டையை அடைக்கிற டிரெய்ன் பிளக் போட்டாச்சு, முன்பக்கம் கயிறு கட்டி கையில தயாரா இருக்கு, போட்டை டிரெய்லரோட இழுத்துப் பிடிக்கிற வின்ச் கொக்கியை மட்டும் தண்ணிகிட்ட போனதுக்கப்புறம் கழட்டினார். முறை வந்ததும் இறக்கினார், கயிறைப் பிடிச்சு போட்டை ஓரமா இழுத்துக் கட்டினார், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திட்டு நடந்து வந்துட்டார். நான் காபி மூடியைத் திறந்து ரெண்டு மடக்கு குடிக்கிறதுக்குள்ள ராம்ப் காலி. வேகமா ஓடவும் இல்ல, யாரையும் விரட்டவும் இல்ல, செய்ய வேண்டியதை எங்க செய்யணுமோ அங்க செஞ்சுட்டு வந்தார், அவ்வளவுதான்.

பந்தியில நமக்குப் பின்னாடி அடுத்த ஆள் நிக்கிறப்ப இலையை மூடிட்டு கதை பேசிட்டு உக்காந்திருக்க மாட்டோம்ல, அதே மரியாதைதான் இங்கயும் வேணும். திரும்பி வரும்போதும் இதேதான், போட்டை டிரெய்லர்ல ஏத்தினதும் முதல்ல மேல கொண்டு வந்துடுங்க, பெல்ட்டு கட்டுறது, ராடு பிரிக்கிறது, மீனோட போட்டோ எடுக்குறது எல்லாம் பார்க்கிங் ஓரத்துல வச்சுக்கலாம்.

இருட்டுல ரிவர்ஸ் எடுக்குறீங்கன்னா ஹெட்லைட்டை அணைச்சுட்டு பார்க்கிங் லைட் மட்டும் போடுங்க. வண்டி மூஞ்சி மேட்டுப் பக்கம் பாத்து நிக்கும்போது அந்த வெளிச்சம் முழுக்க அடுத்து ரிவர்ஸ் வர்றவர் கண்ணாடியிலதான் அடிக்கும், அவர் டிரெய்லர் சக்கரம் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

மோட்டார் போட் வச்சிருக்கவங்க கிட்ட ஒரு முக்கியமான விஷயம், எந்த ஆத்துத் துறைக்கும் இது பொருந்தும். திரும்பி ஏத்தும்போது ஆக்சிலேட்டரை முறுக்கி போட்டை டிரெய்லர் மேல ஓட்டி ஏத்துறாங்க பாருங்க, அதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க. புரொப்பெல்லர் தள்ளுற தண்ணி ராம்ப் முடியுற இடத்துல இருக்குற கூழாங்கல்லையும் மணலையும் அரிச்சுட்டுப் போயிடும். சிமெண்ட் முனைக்குக் கீழ பள்ளம் விழும், அரிச்ச மண்ணு கொஞ்சம் தள்ளி மேடா சேந்துரும். மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது. ஆகஸ்ட்ல தண்ணி கொறஞ்சதும் யாரோ ஒருத்தர் டிரெய்லரை கொஞ்சம் கூடுதலா பின்னாடி விடுவார், சக்கரம் அந்தப் பள்ளத்துல இறங்கி அச்சு மாட்டிக்கும். வின்ச் எதுக்கு இருக்கு, கையால சுத்தி ஏத்துங்க, ஒரு நிமிஷம் கூட ஆகும், போகட்டும்.

கயாக்ல மீன் பிடிக்கிற பசங்க ராம்ப் நடுவுல கயாக்கைப் போட்டு சாமான் கட்டாம புல்லு ஓரமாவே எல்லாம் கட்டிட்டு தூக்கிட்டு வந்து ஓரத்துல இறக்கிடுங்க, டிரெய்லர் இல்லாத காரை டிரெய்லர் இடத்துல நிறுத்தாதீங்க. கரையில நின்னு தூண்டில் போடுறவங்க ராம்ப் வாய்லயே போடாம நூறு அடி தள்ளிப் போனா மீனும் நிம்மதியா இருக்கும். மீன் கழுவி குடலை அங்கயே விட்டுட்டுப் போறது வேற நடக்குது, அடுத்து குழந்தையோட வர்ற குடும்பம் அதை மிதிச்சுட்டுதான் தண்ணில இறங்கணும்.

அப்புறம் தூண்டில் நரம்பு. ஒரு தடவை என் டிரெய்லர் சக்கரத்துல என்னமோ சுத்தியிருக்கேன்னு குனிஞ்சு பாத்தா அறுத்துப் போட்ட மோனோஃபிலமென்ட், ஷேட் பிடிக்கிற டார்ட்டு கொக்கியோட. அது டயர்ல மாட்டினா நமக்கு அஞ்சு நிமிஷ வேலை. அதே நரம்பு கழுகு, விரால் அடிப்பான் மாதிரி பறவை கால்ல மாட்டினா அதோட உயிரே போயிடும். இந்த ஆத்துல வெண்தலைக் கழுகு நிறைய உண்டு, எல்லாமே மீன் தின்னு வாழுறதுங்க. வெட்டின நரம்பை சட்டைப் பையில போட்டுட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க.

கெளம்பும்போது டிரெய்ன் பிளக்கைப் பிடுங்கி தண்ணியை வடிச்சு, ஒட்டியிருக்குற பாசி, சேறு எல்லாம் துடைச்சுட்டு, அடுத்த ஆத்துக்குப் போறதுக்குள்ள போட்டையும் பூட்ஸையும் நல்லா காய வைங்க. டிடிமோன்னு ஒரு பாசி டெலவேர்ல ஏற்கனவே இருக்கு, பாறை மேல கனமான கம்பளி மாதிரி படரும், ஈரமான பூட்ஸ்ல ஒட்டியே அடுத்த ஆத்துக்குப் போயிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இந்தத் துறை இருக்குற இடமே தண்ணிக்கடியில போயிருக்க வேண்டியது. 1955 வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்துல கீழ்ப்பக்கம் டாக்ஸ் ஐலண்ட்ங்கற தீவுகிட்ட அணை கட்ட திட்டம் போட்டு 1962-ல அனுமதியும் வாங்கிட்டாங்க, கட்டியிருந்தா 37 மைலுக்கு ஏரி நின்னிருக்கும். அதுக்காக நிறைய குடும்பங்களோட வீடு நிலத்தை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. கடைசில 1975-ல நியூஜெர்சி, நியூயார்க், டெலவேர் மூணு மாநிலமும் எதிர்த்து ஓட்டுப் போட்டதால அணை நின்னுச்சு, 1992-ல திட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அதனாலதான் இன்னிக்கும் 330 மைலுக்கு மெயின் ஆத்துல ஒரு அணை கூட இல்லாம கடல்ல இருந்து ஷேட் நியூயார்க் வரைக்கும் ஏறி வருது. நம்ம காவிரியிலயும் இதே குடும்பத்து மீன் உல்லம் கடல்ல இருந்து ஏறிட்டு இருந்துச்சு, 1934-ல மேட்டூர் அணை வந்ததுக்கு அப்புறம் அந்த வரத்து நொடிஞ்சு போச்சு. அதைத் தெரிஞ்ச நமக்கு இந்த ஆத்தோட அருமை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த டாக்ஸ் ஐலண்ட் அணைக்காக வீட்டை விட்டுப் போனவங்களை நினைச்சாவது இந்தக் கரையைச் சுத்தமா வச்சுக்கணும்னு எனக்குத் தோணும்.

லைஃப் ஜாக்கெட் பத்தி மறக்காதீங்க. பென்சில்வேனியால நவம்பர் 1-ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் 16 அடிக்குக் கீழ உள்ள போட்லயும் எல்லா கயாக், கனூலயும் அதை போட்டுக்கிட்டேதான் இருக்கணும், போட்ல சும்மா வச்சிருந்தா பத்தாது. ஷேட் சீசன்ல முதல் பாதி இதுக்குள்ளதான் வருது, தண்ணியும் ஐஸ் மாதிரி இருக்கும், விழுந்தா கொஞ்ச நேரத்துலயே கை கால் வேலை செய்யாம போயிடும்.

முதல் தடவை டிரெய்லர் ரிவர்ஸ் பண்றவங்க சனிக்கிழமை காலைல வந்து பழகாதீங்க, செவ்வாய் புதன் மத்தியானம் வாங்க, கூட்டமே இருக்காது. வரிசையில யாராவது தடுமாறினா ஹாரன் அடிக்காம இறங்கிப் போய் கயிறைப் பிடிச்சுக்கோங்க, வேலை சீக்கிரம் முடிஞ்சுடும். ரெண்டு கார் இருந்தா ஒண்ணை கீழ ஸ்மித்ஃபீல்டு பீச்ல நிறுத்திட்டு புஷ்கில்ல இறக்குங்க, சுமார் பத்து மைல், நிதானமா தூண்டில் போட்டுக்கிட்டே போனா ஒரு நாள் முழுசா போகும்.