ஜிப்லைன் ட்ரோன் ரத்த விநியோகம், ருவாண்டா: எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஜிப்லைன் நிறுவனம் ஆளில்லா விமானத்தில் (ட்ரோன்) மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்புகிறது. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் முஹாங்காவில் தொடங்கிய இந்தச் சேவையைப் பாராட்டுபவர்கள் பேட்டரியில் பறப்பதையே சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆதாயம், ரத்தம் வீணாகாமல் இருப்பது.

செவ்வணுப் பை 2–6 டிகிரி செல்சியஸில் 35 முதல் 42 நாள் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை 20–24 டிகிரியில் ஓயாமல் அசைத்துக்கொண்டே வைத்தாலும் 5 நாள்தான். அரிய வகை ரத்தத்தை மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றும் வாங்கி வைத்தால் காலாவதியாகும். வைக்காவிட்டால் பிரசவ ரத்தப்போக்கு வரும் இரவில் கை விரிக்க வேண்டும். ஒரே கிடங்கில் வைத்து, கேட்டதும் அனுப்பினால் இரண்டுமே தீரும். 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, காலாவதியாகும் பைகள் 12 மாதத்தில் 67 சதவீதம் குறைந்தன. சராசரி விநியோக நேரம் சுமார் 50 நிமிடம். மலைச் சாலையில் வண்டி இதன் கிட்டேகூட வராது.

விமானத்தை ஏவுதளத்திலிருந்து கவண் போல விசிறி அனுப்புகிறார்கள். வேகம் மணிக்கு 100 கி.மீ.; போய்த் திரும்ப 160 கி.மீ. மருத்துவமனையில் அது இறங்காது. தாழ வந்து, காகிதப் பாராசூட் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி, இரு கம்பங்களுக்கு இடையே கட்டிய கம்பியில் வால் கொக்கியை மாட்டி நிற்கும். அதனால் மருத்துவமனைக்கு ஓடுதளம், சார்ஜர், ஓட்டுநர் எதுவும் வேண்டாம். நல்ல யோசனை.

மரமும் மின்கம்பியும் இல்லாத திறந்த இடம் மட்டும் வேண்டும். காற்று பெட்டியைக் கொஞ்சம் தள்ளும் என்பதால் ஆள் நடமாட்டமும் கூடாது. தகவல் வந்ததும் ஒருவர் வெளியே போய் நிற்பது கட்டாயம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த செவ்வணுக்களை 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். பெட்டி வெயிலில் கிடந்தால் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் பாழ்.

சுமை 1.75 கிலோதான். அரை லிட்டர் சலைன் பாட்டில் மூன்று வைத்தால் நிரம்பிவிடும். அடுத்தடுத்துப் பல பைகள் தேவைப்படும் நோயாளிக்கு ஒரு பறப்பு போதாது. முதல் ஆர்டரிலேயே மொத்தத் தேவையைச் சொல்லிவிடுவது நல்லது. சலைன், கையுறை, சிரிஞ்ச் எல்லாம் வழக்கம்போல வண்டியில் வரட்டும்.

போக்கு மட்டும்தான், வரத்து இல்லை. நோயாளியின் ரத்த மாதிரியை இதில் கிடங்குக்கு அனுப்ப முடியாது. எனவே பொருத்தப் பரிசோதனைக்கான (ஏற்றும் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா எனப் பார்ப்பது) வேதிப்பொருளும் தெரிந்த ஆய்வக நுட்பரும் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும், இரவுப் பணியிலும்.