ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மெண்ட் ஆன்லைன் கோர்ஸ்: ஆளைக் கண்டுபிடிக்கிற பாதி சூப்பர், உறவைக் காப்பாத்துற பாதி சுமார்

ஐந்துக்கு மூணரை. கோர்ஸோட பேர் சொல்லல, ஏன்னா திட்டவும் போறேன். அதோட ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மெண்ட், அதாவது ஒரு வேலைல சம்பந்தப்பட்டவங்களை கண்டுபிடிச்சு அவங்க கூட உறவை காப்பாத்துற சப்ஜெக்ட்ல வர்ற கோர்ஸ் முக்காவாசி இதே சட்டத்துல தான் செஞ்சிருக்காங்க, அதனால நீங்க எதை எடுத்தாலும் இங்க சொல்றது ஒத்துப்போகும்னு நினைக்கிறேன்.

வீடியோ பாடம், கூடவே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் டெம்ப்ளேட், கடைசில ட்ரெய்னர் கூட ஒரு லைவ் செஷன், அப்புறம் வழக்கம்போல ஒரு சர்டிஃபிகேட். ஆபீஸ்ல தான் பணம் கட்டினாங்க. என் வேலை நாலு டிபார்ட்மெண்டுக்கும் ரெண்டு மூணு வெண்டாருக்கும் நடுவுல ஓடுற வேலை, கோடிங்கும் கிடையாது சேல்ஸும் கிடையாது, எல்லாருக்கும் பதில் சொல்லணும் ஆனா யாரும் எனக்கு கீழ கிடையாது. அந்த மாதிரி இடத்துல இருக்கறவங்களுக்கு இந்த விஷயம் எவ்வளவு முக்கியம்னு சொல்லி தெரிய வேண்டியதில்ல.

முதல் மாட்யூல் நல்லா ஆரம்பிக்குது. 1984ல அமெரிக்க மேனேஜ்மெண்ட் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் கொடுத்த விளக்கத்துல இருந்து தொடங்குறாங்க. ஒரு நிறுவனத்தோட நோக்கத்தை பாதிக்கக்கூடியவங்களும் ஸ்டேக்ஹோல்டர் தான், அந்த நோக்கத்தால பாதிக்கப்படுறவங்களும் ஸ்டேக்ஹோல்டர் தான். கேக்க சாதாரணமா இருக்கு, ஆனா நாம போடுற லிஸ்ட் எல்லாத்தையும் எடுத்து பாருங்க, முதல் பாதி மட்டும் தான் இருக்கும். முதலாளி, முதலீட்டாளர், பெரிய கஸ்டமர், அரசாங்க அதிகாரி, அவ்வளவு தான். பாதிக்கப்படுற ஆளுங்க லிஸ்ட்லயே இருக்க மாட்டாங்க, ஏன்னா அவங்களை மீட்டிங்ல பாக்கறதில்ல.

இதுக்கு ஒரு பயிற்சி வெச்சிருக்காங்க பாருங்க, கோர்ஸ்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அது தான். ஒரு கம்பெனி தன்னோட குடோனுக்கு புது ஸ்டாக் சாஃப்ட்வேர் கொண்டு வருது, இதுல யார் யார் சம்பந்தப்பட்டவங்கன்னு எழுதுங்கன்னு சொல்றாங்க. எல்லாரும் மாதிரி நானும் ஆபரேஷன்ஸ் ஹெட், ஐடி, ஃபைனான்ஸ், வெண்டார்னு எழுதினேன். டெம்ப்ளேட்ல டிபார்ட்மெண்டுக்கு ஒரு காலம் (column), அதுல இருக்கற ஆளுக்கு தனியா ஒரு காலம், ஆளோட காலம் காலியா இருந்தா அந்த வரிசையே சிவப்பாயிடுது. ஃபைனான்ஸ்னு ஒருத்தர் இந்த உலகத்துல கிடையாதுங்கறது தான் பாயிண்ட். ஃபைனான்ஸ்ல பில் பாஸ் பண்றவர் வேற, மாசக்கடைசில ஸ்டாக் கணக்கை சரிபார்க்கறவர் வேற, ரெண்டு பேரோட தலைவலியும் வேற வேற.

அடுத்து வரிசையா கேள்வி வருது. கையெழுத்து போடுறது யாரு, போடுறதுக்கு முன்னாடி அவர் யாரை ஒரு வார்த்தை கேப்பார்? சாஃப்ட்வேர் லைவ் ஆன மறுநாள் காலைல யாரோட வேலை மாறும்? இந்த திட்டம் நின்னு போனா யாருக்கு நிம்மதி? யார் லீவு போட்டா வேலை அப்படியே நிக்கும்? இந்த நாலு கேள்விக்கு பதில் எழுதி முடிக்கும்போது லிஸ்ட்ல நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வந்துட்டார், லாரி டிரைவருக்கு கேட் பாஸ் போடுறவர் வந்துட்டார், பழைய சாஃப்ட்வேரை பராமரிச்சிட்டு இருந்த சின்ன வெண்டாரும் வந்துட்டார் (டேட்டா அவர் கிட்ட தான் இருக்கு, கான்ட்ராக்ட் முடியப்போகுதுன்னு அவருக்கு தெரிஞ்சா எவ்வளவு வேகமா கொடுப்பார்னு யோசிங்க). இந்த ஒரு பயிற்சிக்காகவே கோர்ஸுக்கு பாதி மார்க் போட்டுட்டேன்.

கேஸ் ஸ்டடியும் நல்ல தேர்வு. 1995ல ஷெல் கம்பெனி பிரெண்ட் ஸ்பார்ங்கற பழைய எண்ணெய் சேமிப்பு மிதவையை ஆழ்கடல்ல மூழ்கடிக்க முடிவு பண்ணாங்க, பிரிட்டிஷ் அரசாங்கம் அனுமதியும் கொடுத்துடுச்சு, பேப்பர்ல எல்லாம் பக்கா. க்ரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்போட ஆளுங்க போய் மிதவை மேலயே ஏறி உக்காந்தாங்க, ஜெர்மனில மக்கள் ஷெல் பெட்ரோல் பங்க் பக்கமே போகாம புறக்கணிச்சாங்க, ஜூன் மாசம் கம்பெனி பின்வாங்கிடுச்சு. மிதவைக்குள்ள எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு க்ரீன்பீஸ் சொன்ன கணக்கு ரொம்ப அதிகம்னு பின்னாடி அவங்களே ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க, ஆனா அதுக்குள்ள முடிவு மாறிடுச்சு. அனுமதி கொடுக்கறவர் மட்டும் தான் ஸ்டேக்ஹோல்டர்னு நினைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. இன்னொரு நாட்டுல பெட்ரோல் போடுற ஆள் எந்த லிஸ்ட்ல இருந்திருப்பார் சொல்லுங்க.

இதுவரைக்கும் ஓகே. இதுக்கப்புறம் தான் அந்த நாலு கட்டம் வருது, மெண்டலோ கிரிட். ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் ஆர்வம். ரெண்டும் அதிகமா இருந்தா நெருக்கமா வெச்சுக்கோ, அதிகாரம் மட்டும் இருந்தா திருப்தியா வெச்சுக்கோ, ஆர்வம் மட்டும் இருந்தா தகவல் சொல்லிட்டே இரு, ரெண்டும் இல்லன்னா அப்பப்போ எட்டிப் பாரு. இது தப்புன்னு சொல்லல, புதுசா வர்றவங்களுக்கு நல்ல தொடக்கம். என் கோபம் என்னன்னா ஒரு தடவை ஆளை கட்டத்துல போட்டதும் பாடம் முடிஞ்சதுன்னு அடுத்த வீடியோக்கு போயிடுறாங்க. மனுஷங்க கட்டத்துக்குள்ளயே உக்காந்திருப்பாங்களா? இன்னிக்கு ஆர்வமே இல்லாத ஆளுக்கு நாளைக்கு ப்ரமோஷன் வரும், நேத்து வரைக்கும் ஆதரவா இருந்தவரோட பட்ஜெட்டை வெட்டிடுவாங்க, எல்லாம் தலைகீழ்.

வேடிக்கை என்னன்னா இதுக்கான பதில் அவங்க கோர்ஸ்லயே ஒரே ஒரு ஸ்லைடா இருக்கு. 1997ல மிட்செல், ஏகிள், வுட்னு மூணு பேர் சேர்ந்து சொன்ன மாடல் அது. அதிகாரம், நியாயமான உரிமை, அவசரம்னு மூணு குணம், இதுல எது எது ஒருத்தர் கிட்ட சேர்ந்திருக்குங்கறத வெச்சு ஏழு வகை. முக்கியமான விஷயம், இந்த குணங்கள் நிரந்தரம் இல்ல, வரும் போகும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. உரிமையும் அவசரமும் இருந்து அதிகாரம் மட்டும் இல்லாதவங்க அதிகாரம் உள்ள இன்னொருத்தர் கூட கைகோத்துட்டா கதையே மாறிடும், பிரெண்ட் ஸ்பார் கதையை இதை வெச்சு எவ்வளவு அழகா சொல்லியிருக்கலாம்! ஸ்லைடை காட்டிட்டு ஓடிட்டாங்க.

சரி, உறவு பகுதிக்கு வருவோம். மாசாமாசம் நியூஸ்லெட்டர் அனுப்புங்க, காலாண்டுக்கு ஒரு மீட்டிங் போடுங்க, இந்தாங்க மெயில் டெம்ப்ளேட். அந்த டெம்ப்ளேட்டை படிச்சா மெஷின் எழுதின மாதிரி இருக்கு, “உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி”ன்னு ஆரம்பிக்குது, ஆதரவே தராத ஆளுக்கு இதை அனுப்பினா அவர் என்ன நினைப்பார்? வேலைல நிஜமா உறவை காப்பாத்துறது எதுன்னு அதுல ஒரு வரி இல்ல. கெட்ட செய்தியை அவங்க வேற வழில கேள்விப்படுறதுக்கு முன்னாடி நாமளே போய் சொல்றது, முடியாதுன்னா காரணத்தோட சீக்கிரமா முடியாதுன்னு சொல்றது, அவங்க போன தடவை சொன்ன கவலை என்ன ஆச்சுன்னு நாமளா திரும்ப போய் சொல்றது, காரியம் ஆகணும்னா மட்டும் போன் பண்ணாம இருக்கறது, பெரிய மீட்டிங்ல முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி தனித்தனியா பேசி யாருக்கு எங்க உதைக்குதுன்னு தெரிஞ்சுக்கறது. ரெண்டு ஸ்டேக்ஹோல்டர் நேர் எதிரா கேட்டா என்ன பண்றதுன்னு ஒரு பாடமே வெச்சிருக்கணும், தினசரி நடக்கறது அது தானே. ஆள் மாறும்போது பழைய பேச்சை புது ஆளுக்கு எப்படி கைமாத்துறதுங்கறதும் இல்ல. ஆர்ஏசிஐ சார்ட் (யார் செய்யணும், யார் பொறுப்பு, யார் கிட்ட கேக்கணும், யாருக்கு சொல்லணும்னு பிரிச்சு எழுதுற அட்டவணை) மட்டும் நல்லா சொல்லிக்கொடுத்தாங்க, ஒரு வேலைக்கு பொறுப்பாளி ஒருத்தர் தான் இருக்கணும்ங்கறத அழுத்தி சொன்னதும் நல்லது, ஆனா அது வேலை பிரிக்கிற விஷயம், உறவு இல்ல.

இதை ஓரளவுக்கு காப்பாத்தினது லைவ் செஷன். ட்ரெய்னர் அம்மா நல்ல அனுபவசாலி, ஸ்லைடே போடல. ஒரு ஸ்டேட்டஸ் மெயிலை திரைல போட்டாங்க, “டெஸ்டிங் 80 சதவீதம் முடிந்தது, சிறு தாமதம் எதிர்பார்க்கப்படுகிறது”ன்னு இருந்துச்சு. “இதை படிக்கிறவர் அடுத்து யாருக்கு போன் பண்ணுவார்?”னு கேட்டாங்க. எல்லாரும் முழிச்சோம். அவங்களே மாத்தி எழுதினாங்க: எந்த தேதி தள்ளிப்போகுது, அதனால அவரோட டீம்ல எந்த வேலை காத்திருக்கணும், அவர் இப்போ எதையாவது முடிவு பண்ணணுமா வேண்டாமா. மூணே வரி. ஒரே மெயிலை எல்லாருக்கும் அனுப்பாதீங்க, ஒவ்வொருத்தருக்கும் அந்த நடு வரி மட்டும் மாறும்னாங்க. மறுநாளே ஆபீஸ்ல அப்படித்தான் அனுப்பினேன், வழக்கமா வர்ற “அப்போ எங்களுக்கு என்ன?” பதில் மெயில் வரல. இந்தம்மாவையே வீடியோவும் எடுக்க வெச்சிருக்கலாம், வீடியோல பேசுற ஆள் ஸ்லைடை அப்படியே ஒப்பிக்கிறார், ஒன்றரை ஸ்பீடுல ஓட்டினா தான் தாங்குது.

டெம்ப்ளேட் பத்தி ஒரு எச்சரிக்கை. அதுல ஒவ்வொருத்தர் பேருக்கு பக்கத்துலயும் ஆதரவாளர், நடுநிலை, எதிர்ப்பாளர்னு குறிக்க ஒரு காலம் இருக்கு. ஷேர்டு ஃபோல்டர்ல போட்டு, யாராவது அதை அந்த எதிர்ப்பாளருக்கே ஃபார்வர்டு பண்ணிட்டா உங்க உறவு மேனேஜ்மெண்ட் அன்னிக்கே முடிஞ்சுது. நான் அந்த காலத்தை தூக்கிட்டு “இவரோட கவலை என்ன”, “கடைசியா என்ன பேசினோம்”னு ரெண்டு காலம் போட்டுக்கிட்டேன், அவரே பாத்தாலும் சங்கடம் இல்ல, எழுதும்போதே நாமளும் ஆளை முத்திரை குத்தாம யோசிக்கிறோம்.

குவிஸ் பத்தி பேச ஒண்ணும் இல்ல, கண்ணை மூடிட்டு பாஸ் பண்ணலாம். சந்தேகம் கேட்டா பதில் சீக்கிரம் வருது, அதுக்கு நன்றி. சர்டிஃபிகேட் ப்ரொஃபைல்ல போட்டுக்கலாம், அவ்வளவு தான் அதோட மதிப்பு. ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிடியூட்டே தன்னோட கைடுல 2013ல தான் ஸ்டேக்ஹோல்டர் விஷயத்தை தனி ஏரியாவா பிரிச்சது, அதுக்கு முன்னாடி கம்யூனிகேஷன்ல சேத்து வெச்சிருந்தாங்க. இந்த கோர்ஸ் ஆளுங்க இன்னும் அந்த பழைய பழக்கத்துலயே இருக்காங்கன்னு தோணுது, தகவல் அனுப்பிட்டா உறவு ஆயிடுச்சுன்னு நினைப்பு.

யாருக்கு சரிவரும்னா, புதுசா டீம் லீட் ஆனவங்க, சொந்தமா தொழில் தொடங்கி சப்ளையர், பேங்க், கஸ்டமர்னு எல்லாரையும் தனியாளா சமாளிக்கறவங்க தாராளமா எடுக்கலாம். பத்து வருஷமா இதே வேலைல இருக்கறவங்க லைவ் செஷன் மட்டும் தனியா கிடைக்குமான்னு கேளுங்க, இல்லன்னா விட்டுடுங்க. வேற கம்பெனியோட கோர்ஸ் பாக்குறீங்கன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ட்ரயல்ல உறவு பத்தின மாட்யூலை முதல்ல ஓப்பன் பண்ணுங்க, ரெண்டு ஸ்டேக்ஹோல்டர் மோதிக்கிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பாடம் இருந்தா வாங்குங்க, வெறும் நியூஸ்லெட்டர் டெம்ப்ளேட் தான் இருக்குன்னா அடுத்ததை பாருங்க.