டாக்டர் எழுதியதா, ஊரே எழுதியதா? சில மருத்துவ விக்கிகள் பற்றி ஓர் ஒப்பீடு

போன ஐப்பசியில் தங்கை மகனுக்கு டெங்கு. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் மச்சானுக்கு முகம் தெளிந்துவிட்டது. "இனிப் பயமில்லை, டிஸ்சார்ஜ் கேட்டுடலாமா?" என்றார். நான் வராண்டாவில் உட்கார்ந்து போனில் ஆங்கில விக்கிப்பீடியாவின் டெங்கு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்கள்தான் சிலருக்கு ஆபத்தான கட்டம், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழக்கூடும் என்று அதில் இருந்தது. படித்துக் காட்டினேன். "இதை யார் எழுதினது? டாக்டரா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையத் தளங்களான மருத்துவ விக்கிகள் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன.

"டாக்டர் மட்டும்தான்" என்று சொன்னவர்களில் முன்னோடி கேன்ஃபிட். பிரிட்டன் மருத்துவர்கள் 2005இல் தொடங்கியது. 'உங்கள் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வா' என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள்தான் பெயர். யாரும் படிக்கலாம், எழுதுவது பெரும்பாலும் பதிவுபெற்ற மருத்துவர்களே என்று விதி வைத்தார்கள். அதையே பெரிய அளவில் செய்ய வந்தது மெட்பீடியா. 2009இல் திறந்தபோது ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன் என்று பெரிய பெயர்கள் பின்னால் நின்றன. எம்.டி. அல்லது பிஎச்.டி. இருந்தால் கட்டுரையில் கை வைக்கலாம். மற்றவர்கள் யோசனை சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2013இல் மூடிவிட்டார்கள்.

ஏன் நிற்கவில்லை? என் கணக்கு இது: ஓ.பி. முடித்து வார்டு ரவுண்ட்ஸும் முடித்த டாக்டருக்கு, சம்பளமோ பெயரோ வராத கட்டுரையைத் திருத்த எத்தனை நாள் பொறுமை இருக்கும்? எழுத்துப்பிழை, செத்துப்போன இணைப்பு, பழசான எண் என்று கட்டுரையில் முக்கால்வாசி வேலை எடுபிடி வேலை. தலைமைச் சமையல்காரரே பந்தி பரிமாறி இலையும் எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் கல்யாணம் நடந்த மாதிரிதான்.

விக்கிப்பீடியா எதிர்த்திசையில் போனது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எதை வேண்டுமானாலும் எழுத முடியாது. மருத்துவச் செய்திக்கு நாளிதழ்ச் செய்தி சான்றாகாது. ஒற்றை ஆய்வும் பெரும்பாலும் போதாது. பல ஆய்வுகளை அலசிய மறுஆய்வுக் கட்டுரையோ, பாடநூலோ, உலக சுகாதார நிறுவனம் போன்ற அமைப்பின் வழிகாட்டலோ வேண்டும், அதுவும் சமீபத்தியதாக. பப்பாளி இலைச்சாற்றை எடுத்துக்கொள்வோம். டெங்கு சீசனில் நம் பக்கம் அது இல்லாத வீடு குறைவு. பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, உயிர் காக்கும் என்பது நிறுவப்படவில்லை. யாராவது ஆங்கிலக் கட்டுரையில் "டெங்குவைக் குணமாக்கும்" என்று அதைச் சேர்த்தால், சேர்த்தவர் எம்.பி.பி.எஸ். ஆனாலும் சரி, ஆட்டோ ஓட்டுநரானாலும் சரி, சான்று எங்கே என்ற கேள்வி வரும், வரி போய்விடும். அந்த டெங்கு கட்டுரையே கனடாவின் அவசர சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் ஹெய்ல்மன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டது. 2014இல் 'ஓப்பன் மெடிசின்' என்ற ஆய்விதழ் அதைச் சக மருத்துவர்களின் மதிப்பாய்வுக்கு உட்படுத்தி வெளியிட்டது. ஆக மச்சானுக்கு என் பதில்: டாக்டரும் எழுதினார், டாக்டர் அல்லாதவரும் எழுதினார்கள், எழுதிய எல்லாரையும் மற்றவர்கள் சோதித்தார்கள்.

ஆனால் விக்கிப்பீடியாவில் பொதுவாக மருந்தின் அளவு இருக்காது, அது வேண்டுமென்றே வைத்த விதி. எவனோ ஒருவன் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துவிட்டுப் போனால் என்னாவது? படிப்பவர் தானே மருந்துக் கடைக்குக் கிளம்பினால்?

அதற்கு நேர் எதிர் விக்-இஎம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஹார்பர்-யுசிஎல்ஏ மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்கள் கைமாற்றிக்கொண்ட குறிப்புகளிலிருந்து 2009இல் வளர்ந்தது. மருந்தின் அளவுகள் உண்டு, செயலியை இணையம் இல்லாமலும் திறக்கலாம். வாக்கியங்கள் கிடையாது, எல்லாம் துண்டுக் குறிப்புகள். எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்தின் கடைசிப் பகுதியில் வரும் ஒரு தலைப்பு: ஆளை வீட்டுக்கு அனுப்பலாமா, சேர்க்க வேண்டுமா? நடு ராத்திரியில் கேஷுவாலிட்டியில் நிற்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். குறை என்னவென்றால், அது பெரும்பாலும் அமெரிக்க வார்டில் நின்று எழுதியது. அங்கே பாம்புக்கடி என்றதும் கிலுகிலுப்பைப் பாம்பு நினைவுக்கு வரும். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்தது. இங்கே ஹவுஸ் சர்ஜன் அந்தப் பக்கத்தைப் பார்த்து அப்படியே மருந்து ஏற்ற முடியாது.

ரேடியோபீடியா எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியலுக்கு மட்டுமானது. ஃபிராங்க் கெய்லார்டு என்ற ஆஸ்திரேலியக் கதிரியலாளர் 2005இல் தொடங்கினார். பதிவு செய்துகொண்டு யாரும் சேர்க்கலாம், ஆசிரியர் குழு மேல்பார்வை பார்க்கும். ஸ்கேன் படங்களை அடுக்காக உருட்டிப் பார்க்கலாம் என்பதால் மாணவர்களுக்குப் புத்தகத்தைவிட இதுவே வசதி. வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உள்ள உரிமம் என்பதால் அந்தப் படங்களை விக்கிப்பீடியாவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது, அது ஒரு வருத்தம்.

பாருங்கள், கதவைத் திறந்தே வைத்த விக்கிப்பீடியாவும் ரேடியோபீடியாவும் நிற்கின்றன. பூட்டுப் போட்ட மெட்பீடியா போயே போய்விட்டது. பூட்டு இருப்பதால் மட்டும் தரம் வந்துவிடாது, திரும்பத் திரும்ப வந்து பார்க்கும் கண்கள் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், நம் வீட்டுச் சங்கதி. தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது, அதே திறந்த கதவுடன். ஆனால் ஒரு மருத்துவக் கட்டுரையை, யாராவது மாற்றினால் தெரியும்படி, கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலத்தில் சீக்கிரம் போகும் பப்பாளி வரி தமிழில் எத்தனை நாள் குந்தியிருக்கும் என்பது அன்று யார் விழித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கூகிள் ஆளைக் கூலிக்கு வைத்து மொழிபெயர்த்து நிரப்பவும் பார்த்தது. அந்தத் திட்டத்தில் வந்த கட்டுரைகளின் நடையையும் தலைப்புத் தேர்வையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் 2010 விக்கிமேனியா மாநாட்டில் விமர்சன அறிக்கையே வாசித்தார்.

நோயாளி வீட்டாருக்கு ஆங்கில விக்கிப்பீடியா, டியூட்டியில் இருப்பவருக்கு விக்-இஎம், படம் படிப்பவருக்கு ரேடியோபீடியா என்பது என் பரிந்துரை. தமிழில் தேடுபவர் அடிக்குறிப்பில் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும்.

பையன் வீடு திரும்பிய பிறகு மச்சானுக்கு ஒரு தமிழ்க் கட்டுரையைத் திறந்து கொடுத்தேன். இரண்டு பத்தி படித்தார். "தட்டணுன்னா என்ன?" என்றார். பிளேட்லெட் என்றேன். ஐந்து நாள் தினமும் லேப் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர் அவர். "அதை அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கலாமே, யாருக்குப் புரியும் இது?" என்றார். 'தொகு' பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.