2 அங்குல லிஃப்ட்: ஸ்பேசரா, புது ஸ்பிரிங்கா?

தினமும் ஓட்டும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு லிஃப்ட், அதாவது உயரத்தை ஏற்றுவது, 2 அங்குலம் இருந்தாலே தாராளம். காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) வண்டியானால் வழி இரண்டு: பழைய ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் வைப்பது, இல்லையேல் ஸ்பிரிங்கையே மாற்றுவது.

செலவு: ஸ்பேசர் மலிவு; ஸ்பிரிங்கின் தலைமாட்டில் வைக்கும் வளையம், அவ்வளவுதான். புது ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பரும் என்றால் பல மடங்கு.

நீடித்த உழைப்பு: இங்கேதான் விஷயமே. பல வருடம் ஓடிய ஸ்பிரிங் ஏற்கெனவே தொய்ந்திருக்கும். ஸ்பேசர் அந்தத் தொய்வைச் சரிசெய்யாது, மறைக்கும். பழைய ஷாக்கின் நீளமும் அப்படியே இருப்பதால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது முழுக்க நீண்டு டக்கென்று முட்டும். புது செட்டில் இந்தத் தொல்லை இல்லை.

சொகுசு: ஸ்பேசரில் பழைய சவாரியேதான். புது ஸ்பிரிங்கில் பார்த்து வாங்க வேண்டும். அதிக பாரத்துக்கான கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டு வெறும் வண்டியை ஓட்டினால் இடுப்பு நம்மைத் திட்டும்!

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட், பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் செல்லும் குழாய்) நீளம், ஹெட்லைட் கோணம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் நல்ல நிலையில் இருந்து, சற்றுப் பெரிய டயருக்கு இடம் மட்டும் வேண்டுமா? ஸ்பேசர் போதும். பின்பக்கம் தொங்கிக் கிடக்கிறதா, அடிக்கடி கரடுமுரடான பாதையா? காசு சேர்த்து ஸ்பிரிங்கையே மாற்றுங்கள்.