கார் சர்வீஸ்: கம்பெனியில் விடுவதா, வீட்டு வாசலில் நாமே செய்வதா?

என்னுடையது 2016 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். முதல் நான்கு வருடம் தவறாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விட்டேன். அப்புறம் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வைப்பர், பேட்டரி என்று வழக்கமாக வருகிற வேலைகளையெல்லாம் வீட்டு வாசலிலேயே நானே செய்ய ஆரம்பித்துவிட்டேன். எது நல்லது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காசு, ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கம்பெனியில் நான் கடைசியாகக் கட்டிய பில் வரியோடு சேர்த்து 7,200 ரூபாய். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற போல்ட்) வாஷர் எல்லாம் சேர்த்து 2,400. கூலி 1,750. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 750. மீதி 2,300 ரூபாய் எங்கே போனது என்று பார்த்தால் திராட்டில் பாடி (இஞ்சினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற பாகம்) கிளீனிங், ஏசி கிருமிநாசினி, இஞ்சின் மேலே அடிக்கிற ஏதோ ஒரு பளபளப்புப் பூச்சு. இந்த மூன்றுமே நான் கேட்டவை இல்லை. ஜாப் கார்டு, அதாவது என்னென்ன வேலை என்ற பட்டியல், எழுதும்போது சர்வீஸ் அட்வைசர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார், நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் சர்வீஸ் அட்டவணை என்று ஒரு பக்கம் இருக்கும், எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைச் சும்மா பார்த்தால் போதும் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். என் வண்டியின் புத்தகத்தில் அந்த மூன்று வேலைகளும் எங்கேயும் இல்லை.

இப்போது அதே சர்வீஸை வீட்டில் செய்தால்? பொருள்கள் 2,300 ஆகிறது, ஏனென்றால் அசல் பாகத்துக்கு அட்டையில் அச்சிட்ட விலைதான், கடைக்காரர் ஆயிலில் மட்டும் கொஞ்சம் குறைத்துத் தருவார். அலைன்மென்டுக்கு மெஷின் வேண்டும், அதை வெளியே 600 ரூபாய்க்குச் செய்துகொள்கிறேன். மொத்தம் 2,900. அப்படியென்றால் 4,300 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படலாம், நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். கம்பெனியிலேயே அந்த 2,300 ரூபாய் கூடுதல் வேலைகளை 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் பில் 4,900 ஆகியிருக்கும். அப்போது நானே செய்வதால் உண்மையில் மிச்சமாவது 2,000 ரூபாய்தான். அந்த 4,300 ரூபாயில் பாதிக்கு மேல் ஸ்பேனர் பிடித்ததால் வந்தது இல்லை, வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லாமல் இருந்ததால் போன காசு.

கருவிகளுக்குச் செலவு வேறு இருக்கிறது. ஹைட்ராலிக் ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டு, சாக்கெட் செட், டார்க் ரென்ச் (போல்ட்டை அளவு வைத்து முறுக்குகிற ஸ்பேனர்), ஃபில்டர் கழற்றுகிற கப், ஆயில் பிடிக்கிற தட்டு எல்லாம் சேர்த்து எனக்கு 8,500 ஆனது. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிற என்னைப் போன்றவருக்கு வருடத்துக்கு ஒரு சர்வீஸ்தான், அப்படியென்றால் கருவிக் காசு திரும்பி வரவே நாலு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் காசுக்காக மட்டும் இதில் இறங்காதீர்கள் என்று யாரிடமும் சொல்வேன். வீட்டில் இரண்டு மூன்று வண்டி இருந்தாலோ, வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடினாலோ அது வேறு கணக்கு.

சரி, அப்புறம் ஏன் நானே செய்கிறேன்?

நாலாவது வருடம் சர்வீஸ் முடிந்து வண்டி வந்த மறுவாரம், ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பார்க்க பானெட்டைத் திறந்தேன். பக்கத்திலேயே ஏர் ஃபில்டர் பெட்டி, கிளிப்பை விடுவித்தால் திறந்துவிடும். உள்ளே இருந்தது பழைய ஃபில்டர், மடிப்பு மடிப்பாகச் செம்மண் தூசி, ஒரு காய்ந்த இலைகூட ஒட்டியிருந்தது. பில்லில் புது ஃபில்டருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். திரும்பப் போய்க் கேட்டதும் மன்னிப்புக் கேட்டு உடனே மாற்றிக் கொடுத்தார்கள், தவறிவிட்டது என்றார்கள், இருக்கலாம். ஒரு நாளைக்கு அத்தனை வண்டி வருகிற இடத்தில் ஒரு பையன் ஒரு வேலையை விட்டுவிடுவது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத் தோன்றியது வேறு. ஏர் ஃபில்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்ததால் பார்த்தேன், ஆயிலை முழுதாக வடித்தார்களா, பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தார்களா என்று எப்படித் தெரியும்? குடும்பத்தை உட்கார வைத்து ராத்திரியில் திண்டிவனம் தாண்டி ஓட்டிக்கொண்டு போகிற வண்டி அது. செய்தார்களா என்ற கேள்வி மனதில் இருந்துகொண்டே இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நானே செய்யும்போது அந்தக் கேள்வி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது வண்டிக்கு அடியில் கண்ணை ஓட்டினால் சின்னச் சின்ன விஷயங்கள் தெரியவரும். டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு) மூட்டில் இருக்கிற ரப்பர் உறை லேசாக வெடித்து கிரீஸ் தெறித்திருந்ததை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அப்போதே உறையை மட்டும் மாற்றினேன், விட்டிருந்தால் மண் உள்ளே போய் மூட்டே தேய்ந்து மொத்தமாக மாற்ற வேண்டி வந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு கம்பெனி சர்வீஸே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வாரண்டி இருக்கிறவரை அங்கேதான் விட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மூன்று சர்வீஸுக்குக் கூலி கிடையாது, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும்தான் காசு. மாருதி 2024 ஜூலையிலிருந்து வழக்கமான வாரண்டியையே 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று கூட்டிவிட்டது, அதற்கு மேல் நீட்டித்த வாரண்டி வாங்கினால் இன்னும் பல வருடம். வாரண்டி இல்லாமல் ஒரு கியர்பாக்ஸ் கோளாறு வந்தாலே ஆயில் மாற்றி மிச்சம் பிடித்ததெல்லாம் காணாமல் போய்விடும்.

வெளியே வேலை செய்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவது சட்டப்படி சரியா என்றால், அதற்குப் பெரிய கதையே இருக்கிறது. 2014 ஆகஸ்டில், சந்தையில் கம்பெனிகள் நியாயமாகப் போட்டி போடுகின்றனவா என்று கவனிக்கிற இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அந்த அளவுக்கு மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனக்கு அந்த உத்தரவின் நியாயம் முழுக்கப் பிடிக்கும், ஆனால் இஞ்சின் நின்றுபோன வண்டியை வைத்துக்கொண்டு கவுன்டரில் நின்று போட்டி ஆணையத்தின் உத்தரவைப் பற்றி வாதாடுகிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம். வாரண்டி முடிகிறவரை பொறுங்கள்.

ரீகால் விஷயத்திலும் அவர்களைத் தவிர வழியில்லை. 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலரில் சந்தேகம் என்று மாருதி 17,362 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது, ஆல்டோ கே10, பலேனோ, பிரெஸ்ஸா எல்லாம் அதில் இருந்தன. இந்த மாதிரி வேலையைக் காசு வாங்காமல் செய்து தருவார்கள். சர்வீஸுக்கே போகாமல் போன் நம்பரையும் மாற்றிவிட்ட ஆளுக்கு இந்தத் தகவல் போய்ச் சேராமலே இருந்துவிடலாம். நானே சர்வீஸ் செய்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுவேன், இரண்டு நிமிட வேலை.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் தண்ணீரில் அடித்துக்கொண்டு போனதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியில் நம் கைவேலையைக் காட்டவே கூடாது, சாவியைத் திருப்பவும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்று மாதிரி அது அமுங்காது, ஸ்டார்ட் செய்த நொடியில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதுதான் சரி. ஏர்பேக், ஏபிஎஸ், ஏசி கேஸ், ஹைபிரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிற கேபிள், இவற்றையும் தொடாதீர்கள்.

பிரேக் ஆயிலை நானே செய்கிற வேலைக்கும் கம்பெனியில் விடுகிற வேலைக்கும் நடுவில் வைக்கிறேன். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிற திரவம். டாட் 4 என்கிற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது காற்று உள்ளே போய்விட்டால் பிரேக்கே பிடிக்காது என்பதால் இதை நான் தனியாகச் செய்வதில்லை. பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் சக்கரத்தைக் கழற்றி நானே பார்க்கிறேன்.

வீட்டில் செய்வதில் தப்பே நடக்காது என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவை ஆயில் மாற்றியபோது பழைய ஃபில்டரைக் கழற்றினேன், அதன் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கவனிக்காமல் அதன்மேல் புது ஃபில்டரை மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் கொட்ட ஆரம்பித்தது, உடனே அணைத்ததால் இஞ்சின் தப்பியது, தெருவில் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் அவ்வளவுதான். அன்றிலிருந்து பழைய ஃபில்டரைத் திருப்பி வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. புது ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டதும் முக்கால் சுற்று, அது போதும். டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர். கீழே இருக்கிற ஆயில் பேன் அலுமினியம் என்றால் போல்ட்டை வெறி கொண்டு முறுக்கினால் மரை போய்விடும், டார்க் ரென்ச் அதற்குத்தான். ஆயிலை மொத்தமாக ஊற்றிவிடாமல் கடைசி அரை லிட்டரை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டுகிற குச்சி) பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள், கூடிப்போனாலும் கெடுதல்தான்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். அது பஞ்சரான சக்கரத்தை மாற்ற மட்டும்தான். சமதளமான சிமென்ட் தரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்குக் கல் அடை, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்றால்தான் உடம்பு உள்ளே போக வேண்டும். உங்கள் அபார்ட்மென்டில் சரிவான பார்க்கிங்தான் என்றால் அங்கே இந்த வேலை வேண்டாம், மேலிருந்து செய்கிற ஃபில்டர், பிளக், பேட்டரி, வைப்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சென்னையில் பொருள் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, ஒரே தெருவில் வரிசையாகக் கடைகள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள், போலி ஃபில்டரும் போலி ஆயிலும் நிஜமாகவே புழங்குகின்றன. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பாகக் கடையில் பில்லோடு வாங்குங்கள், புத்தகத்தில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதே ஆயில்தான். அந்த பில்லை எறியாமல் ஒரு நோட்டில் ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது சர்வீஸ் ரெக்கார்டு கேட்பார்கள், கம்பெனி ரெக்கார்டுக்கு இருக்கிற மதிப்பு உங்கள் நோட்டுக்குக் கிடைக்காது என்பது உண்மைதான், நாலு வருடத்தில் வண்டியை மாற்றுகிற ஆள் என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே கம்பெனியில் விடலாம். நான் வண்டி ஓடுகிறவரை வைத்திருக்கிற ஆள்.

மூன்றாவது வழியாகத் தெரு முனை மெக்கானிக் இருக்கிறார். வேலை தெரிந்த, நேர்மையான ஒருவர் கிடைத்துவிட்டால் நான் மேலே எழுதியதில் பாதி தேவையே இல்லை. பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். என் பிரேக் ஆயிலையும் அந்த டிரைவ் ஷாஃப்ட் உறையையும் மாற்றித் தந்தவர் அப்படி ஒருவர்தான், எனக்கு ஸ்டாண்டு வைக்கச் சரியான இடத்தைக் காட்டிக் கொடுத்தவரும் அவரே.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் தப்பு செய்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் அதைச் சேர்த்து வைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நம் வாசலில் யாரும் கேட்கப்போவதில்லை. மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் கூவத்துக்கோ அடையாறுக்கோ போகிறது, மண்ணில் ஊற்றினால் பக்கத்து வீட்டுப் போர்வெல் தண்ணீரில் கலக்கலாம். நான் புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி மூடி, அந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். அவரிடம் பழைய ஆயில் எடுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஃபில்டரையும் ஒரு ராத்திரி தட்டில் கவிழ்த்து வைத்து, வடிந்ததை அதே கேனில் சேர்த்துவிடுவேன்.